‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிய பழைய கார்: இனி என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் சேலத்துக்காரர். கோயம்புத்தூரில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2017 மாடல் டீசல் கார் ஒன்றை 4,65,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கியர் பாக்ஸில் சத்தம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டபோது இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது. வாங்கும்போது மீட்டரில் 61,000 கிலோமீட்டர் காட்டிய அதே வண்டி, 2022 ஆகஸ்டிலேயே 1,14,000 ஓடியிருந்ததாகப் பழைய ஜாப் கார்டு (சர்வீஸுக்கு விட்டபோது எழுதிய பதிவுச் சீட்டு) சொல்கிறது. கன்சல்டிங்காரரிடம் கேட்டால், “பார்த்து, ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டுத்தானே எடுத்தீங்க” என்கிறாராம். ஆர்.சி. புக் இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஒரு கையெழுத்தோடு என் உரிமையெல்லாம் போய்விட்டதா என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். போகவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் புரிந்துகொண்டால்தான் கையில் இருக்கும் வழக்கு எவ்வளவு பலமானது என்று தெரியும்.

நான் வக்கீல் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக மோட்டார் சர்வேயர். இன்ஷூரன்ஸ் கிளெய்முக்காக அடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, தண்ணீரில் மூழ்கிய வண்டி எல்லாவற்றையும் பார்த்துச் சேதம் மதிப்பிடுவது என் தொழில். இதுபோன்ற தகராறுகளில் வண்டியைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கவும், நுகர்வோர் ஆணையங்களில் அதைப் பற்றிச் சாட்சி சொல்லவும் போயிருக்கிறேன். சட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த வாசல்களில் நின்று கற்றது. வழக்குப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

முதலில், பழைய வண்டி என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் கொடுத்துப் பொருள் வாங்கியவரைத்தான் நுகர்வோர் என்கிறது. பொருள் புதிதா பழையதா என்று பிரிக்கவில்லை. மறுவிற்பனைக்காகவோ வியாபாரத்துக்காகவோ வாங்கியிருந்தால்தான் சிக்கல். அதிலும், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்சி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்களுடையது வீட்டுக்கு வாங்கிய கார், அந்தக் கவலை இல்லை.

அதே சட்டத்தில் ‘குறைபாடு’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கம்தான் உங்கள் வழக்கின் அச்சாணி. சட்டப்படி இருக்க வேண்டிய தரம், ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம் ஆகியவற்றோடு, விற்றவர் ‘எந்த விதத்திலாவது’ இருப்பதாகச் சொன்ன தரமும் அதில் அடங்கும். அந்தத் தரம் இல்லையென்றால் அது குறைபாடு. வாய்ச்சொல், வாட்ஸ்அப், விளம்பரம், கண்ணாடியில் ஒட்டிய சீட்டு எல்லாம் அந்த ‘எந்த விதத்திலாவது’ என்பதற்குள் வரும். 61,000 ஓடிய வண்டி என்று விளம்பரத்தில் போட்டு, 1,14,000-க்கு மேல் ஓடிய வண்டியைத் தலையில் கட்டினால், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொன்னதாக ஆகிறது. முறையற்ற வணிக நடவடிக்கை என்று சட்டம் பட்டியல் போடுகிற செயல்களில் இதுவும் ஒன்று. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகத்தை நேராகப் படித்தாலே இது தெரியும். உள்ளதைக் காட்டி விற்றிருந்தால்தானே உள்ளபடி வாங்கியதாக ஆகும்? மீட்டரில் இருந்தது உள்ளது இல்லையே.

இப்போது அந்தக் கையெழுத்து எங்கே செல்லும் என்று பார்ப்போம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், ஒரு பொருளை வியாபாரமாக விற்பவர் விற்கத்தக்க தரத்தில் அதைத் தர வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டயர் தேய்ந்திருந்தது, கதவில் பட்டி போட்டு பெயின்ட் அடித்திருந்தது, ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்பதெல்லாம் ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. இவற்றுக்காக மூன்று மாதம் கழித்துப் போனால் கையெழுத்தைத்தான் நீட்டுவார்கள், ஆணையமும் அதை ஏற்கும். மீட்டரைத் திருப்பியது அப்படியில்லை. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதபடி வேண்டுமென்றே செய்வது அது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள். “வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே, ஏன் விசாரிக்கவில்லை?” ஒப்பந்தச் சட்டத்தில், மறைத்ததைச் சாதாரண கவனத்தோடு கண்டுபிடிக்க வழி இருந்திருந்தால் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விற்றவர் பேசாமல் இருந்து மறைத்திருந்தால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. வாயைத் திறந்து பொய் சொல்லியிருந்தால் பலம் குறைவு. ஆகவே “61,000 கிலோமீட்டர்” என்று அவர் சொன்னதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் அனுப்பிய மீட்டர் போட்டோ, டெலிவரி நோட்டில் எழுதிய எண் என்று ஏதோ ஒன்று வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் என்ற இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். வக்கீலுக்கு அது தெரியும், நீங்கள் நினைவுபடுத்தினால் போதும்.

மீட்டர் விஷயம் உறுதி என்றால், கியர் பாக்ஸ் விஷயம் சந்தேகம். வண்டியைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். டீசல் வண்டியில் கியர் போடும்போது வரும் சத்தம் சின்க்ரோனைசர் தேய்மானமாக இருக்கலாம், பேரிங்காக இருக்கலாம், டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள மாடல் என்றால் அதுவாகவும் இருக்கலாம். வெறும் ஆயில் குறைந்ததாலும் வரும். லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இவை இயல்பாகத் தேய்கிறவை. கியர் பாக்ஸை மட்டும் தனியாக வைத்து வழக்குப் போட்டால், “பழைய வண்டி, தேயத்தான் செய்யும்” என்ற ஒரே வரியில் தோற்றுவிடலாம். அதை மீட்டர் பொய்யோடு சேர்த்துக் கட்டுங்கள். 61,000 என்று நம்பியதால்தான் இந்த விலை கொடுத்தேன், அந்த ஓட்டத்தில் வரக் கூடாத தேய்மானம் வந்திருக்கிறது, காரணம் உண்மையான ஓட்டம் வேறு என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்லும்போது இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கும்.

இதனால்தான் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பும் முன் கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்துவிடாதீர்கள். பிரித்த பிறகு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினால் நான் பார்ப்பது மெக்கானிக் செய்ததைத்தான், வண்டியின் பழைய நிலையை இல்லை. நல்ல நியாயமுள்ள வழக்குகள் இந்த ஒரு காரணத்தாலேயே நொண்டியானதை நேரில் பார்த்திருக்கிறேன். வண்டி இல்லாமல் முடியவே முடியாது என்றால், முதலில் ஒரு சுதந்திரமான என்ஜினியரிடமோ உரிமம் பெற்ற சர்வேயரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். கழற்றிய பாகங்களைக் கடையிலேயே விட்டுவிடாமல் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று தோன்றினால் ஆணையமே பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, அதையும் மனுவில் கேட்கலாம். மீட்டரைப் பொறுத்தவரை, சில மாடல்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் பதிவாகும். ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் அங்கே பழைய எண் அப்படியே இருக்க வாய்ப்புண்டு. எல்லா வண்டியிலும் கிடைக்காது, கிடைத்தால் பெரிய பலம்.

கன்சல்டிங்காரர்கள் அடுத்து எடுக்கும் ஆயுதம், “நான் வெறும் புரோக்கர்தான், ஓனர் வேற, கமிஷனுக்கு முடிச்சுக் குடுத்தேன்” என்பது. பல வருடம் இது நன்றாகவே எடுபட்டது. ஓனரிடம் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் மாதக்கணக்கில் வண்டியை ஷெட்டில் போட்டு வைப்பார்கள். காகிதத்தில் கன்சல்டிங் பெயரே வராது. இதை மாற்றத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய வண்டி வியாபாரம் செய்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஓனர் வண்டியை ஒப்படைத்ததும் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து அந்த வண்டிக்கு டீலரே ஓனர்போலப் பொறுப்பு. எல்லாரும் இதைப் பின்பற்றுகிறார்களா என்றால், நான் போகிற ஷெட்டுகளில் இன்னும் காலி ஃபார்ம்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் கன்சல்டிங்குக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். இருந்தால் புரோக்கர் வாதம் விழுந்துவிடும். இல்லாவிட்டால் அதுவே அவருக்கு எதிரான ஒரு புள்ளி. எப்படியிருந்தாலும், பணம் யார் கணக்குக்குப் போனதோ அவர், விளம்பரம் போட்டவர், ஆர்.சி.யில் உள்ள ஓனர் என எல்லாரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. மீட்டரைத் திருப்பியது யார் என்று நிரூபிக்கும் சுமையைத் தனியாக உங்கள் தலையில் தூக்கிக்கொள்ளாதீர்கள். பழைய ஓனர் வந்து, “நான் கொடுக்கும்போது ஒண்ணேகால் லட்சம் ஓடியிருந்தது” என்று சொல்லிவிட்டால், பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

பில் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. “பில் போட்டா 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 80,000 ரூபாய் கூட ஆகும் சார்” என்று சொல்லித்தான் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். இது தவறான கணக்கு. பதிவு பெற்ற டீலர் பழைய காரை விற்கும்போது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீதுதான் வரி. 4,30,000-க்கு வாங்கி 4,65,000-க்கு விற்றிருந்தால் 35,000-க்கு 18 சதவீதம், அதாவது 6,300 ரூபாய். பில் கொடுக்காமல் இருப்பதையே நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது, அபராதம் வாங்கியவருக்குத்தான். இதைக் காட்டி யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. ஆனால் “பணமே வாங்கலை” என்று அவர் சாதிக்காமல் இருக்க, பேங்க்கில் பணம் எடுத்த பதிவு, கொடுத்தபோது உடன் இருந்தவர், அட்வான்ஸ் அனுப்பிய ஜிபே ரசீது எல்லாவற்றையும் இப்போதே திரட்டி வையுங்கள்.

வழக்கைவிட அவசரமான ஒன்று ஆர்.சி. இதை நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முதலில் பதைப்பைக் கொடுத்தது. மாநிலத்துக்குள் விற்ற வண்டி என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். விற்ற வண்டி விபத்தில் சிக்கினாலும், பெயர் மாறாதவரை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. பாவம், பழைய ஓனர். உங்களுக்கு வரும் நஷ்டம் வேறு விதமானது. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் மட்டும்தான் வண்டியோடு தானாக உங்களிடம் வரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. 14 நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். நாளைக்கே வண்டி எங்காவது மோதினால், சேதம் பார்க்க வருகிற என்னைப் போன்ற சர்வேயர் முதலில் கேட்பது ஆர்.சி.யையும் பாலிசியையும்தான். இரண்டிலும் வேறு பெயர் இருந்தால் கிளெய்ம் பெரும்பாலும் நிராகரிக்கப்படும். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடியும் (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது, அது அவருடையது.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு மூன்றைப் பாருங்கள்: ஃபைனான்ஸ் இன்னும் நிலுவையில் நிற்கிறதா, இ-சலான் அபராதம் பாக்கி இருக்கிறதா, நீங்கள் எத்தனையாவது ஓனர். ஃபைனான்ஸ் கழியாமல் இருந்தால் பேங்க்கின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் இல்லாமல் பெயர் மாறாது. அதை வாங்கித் தர வேண்டியது விற்றவர். இதை மறைத்து விற்றிருந்தால், மீட்டரைவிடப் பலமான வழக்கு அதுதான். வழக்குப் போடப் போகிறோமே, பெயரை மாற்றினால் வண்டியை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். மாற்றாமல் ரோட்டில் ஓட்டுவதில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரியது. ‘என் உரிமைகளைக் கைவிடாமல் பெயர் மாற்றம் செய்கிறேன்’ என்று நோட்டீஸில் ஒரு வரி சேர்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியையே திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தால் ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். மூன்று மாதத்தில் இன்னும் 5,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வண்டி வேண்டாம் என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், என் தொழிலின் மனக்கஷ்டம் அது. வண்டி தண்ணீரில் மூழ்கியதா என்று பார்த்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளை வரிசையாக நின்று பார்த்தவன் நான். முழுச் சேதம் என்று கணக்கு முடித்தவை ஏலத்தில் போகும். அதில் ஒரு பகுதி கழுவித் துடைத்து வேறு ஊர்களுக்கு விற்பனைக்கு வரும். ஆர்.சி.யில் இது எங்கும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் நீர்க்கோடு நிற்கும். சீட்டின் கீழ்த் தண்டவாளம், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, டேஷ்போர்டின் அடியில் ஒயரிங் சாக்கெட் ஆகிய இடங்களில் துரு அல்லது வண்டல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கியர் பாக்ஸில் தண்ணீர் புகுந்திருந்தால் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வெளுத்திருக்கும். உங்கள் சத்தத்துக்கு அதுவும் காரணமாக இருக்கக்கூடும், ஆயிலைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பழைய கிளெய்ம் விவரம் கேளுங்கள். உங்களுக்கு நேரடியாகத் தர மறுத்தால், ஆணையத்தின் வழியாக வரவழைக்கக் கேட்கலாம்.

வழக்குப் போடும் வழி நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். வண்டியை வாங்கியது கோயம்புத்தூர் என்றாலும், நீங்கள் குடியிருக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமே இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பெரிய ஆன்லைன் கம்பெனிகள் அதற்குப் பதில் சொல்கின்றன, தெருமுனைக் கன்சல்டிங் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. போலீஸைப் பொறுத்தவரை, மீட்டர் விவகாரத்தை ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். போலி ஆர்.சி., மாற்றி அடித்த சேசிஸ் நம்பர், திருட்டு வண்டி என்று இருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும்.

என்ன கிடைக்கும் என்பதில் உறுதி சொல்ல மாட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம், கிடைக்கவும் கூடும். ஆனால் ஓட்டிய வண்டி என்பதால் விலை வித்தியாசமும் ரிப்பேர் செலவும் இழப்பீடும் என்று முடிவதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே மனுவில் இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று கேளுங்கள். 61,000 ஓடிய அதே மாடலுக்கும், ஒண்ணேகால் லட்சம் ஓடியதற்கும் சந்தையில் என்ன வித்தியாசம் என்று இரண்டு மூன்று விளம்பரங்களை இப்போதே எடுத்து வையுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதம், சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் காலக்கெடு சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள். நடுவில் சமரசத்துக்கு அழைத்தால் கோபத்தில் மறுக்காதீர்கள், பல கன்சல்டிங்காரர்கள் இறங்கி வருவது ஆணையத்தின் நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகுதான்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த 2022 ஆகஸ்ட் ஜாப் கார்டின் நகலை சர்வீஸ் சென்டரில் முத்திரை, கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். முழு சர்வீஸ் ஹிஸ்டரியும் கேளுங்கள். பழைய ஓனரின் விவரம் என்று தயங்கினால், கிலோமீட்டரும் தேதியும் உள்ள பக்கம் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அது கையில் வந்த பிறகு, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். கியர் பாக்ஸ் அறிக்கை கைக்கு வந்ததும், பெயரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.